மிஹ்லார் மாமாவின் நித்திரை

மிஹ்லார் மாமா என் உம்மாவின் தம்பி. சாய்ந்தமருதில் எங்களுக்கு அடுத்த ஒழுங்கையில் இருக்கிறார். அக்கரைப்பற்றில் அரிசி ஆலை வைத்திருக்கும் மசூர் ஹாஜியாரின் லொறியை நெடுங்காலமாகக் கொழும்புக்கு ஓட்டுகிறார். நான் நாடு நாடாகச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிய வாரத்தில், இரவு பஸ்களில் தூங்கித் தூங்கியே எல்லைகளைக் கடந்த கதைகளை அளந்துகொண்டிருந்தேன். மாமா ஒன்றுதான் கேட்டார்.

"அந்த பஸ் டிரைவர்மார் எப்ப புள்ள படுக்கிற?"

எனக்குத் தெரியவில்லை. ஒருவரிடமும் நான் கேட்டதில்லை. மாமா சிரித்தார். பிறகு தன் நித்திரையின் கதையைச் சொன்னார்.

வெள்ளாமை வெட்டி, நெல் ஆலையில் வந்து குவியும் மாதங்களில் அவருக்கு ஓய்வு கிடையாது. கொழும்பில் அரிசியை இறக்கிவிட்டு, மாவும் சீனியும் ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து சேர, அடுத்த லோட் காத்து நிற்கும். விடிகாலைச் சுபஹு தொழுததும் மறுபடி புறப்பாடு. துணைக்கு ஆளில்லை. இஞ்சி போட்ட பிளேன்டீ, புகையிலை வைத்த வெற்றிலை, கழுத்தில் ஈரத் துவாய், கண்ணுக்குக் கீழே தைலம் என்று எல்லாம் செய்து பார்த்தவர்.

"நித்திரை வருதெண்டு தெரிஞ்சா ஏதாச்சும் செய்யலாம். வந்ததே தெரியாதே. முன்னுக்கு ஒரு ஓட்டோ போனதக் கண்டன். மறுகா பாக்கக்குள்ள ஓட்டோ இல்ல. பாலம்தான் இரிக்கி."

வெலிக்கந்தைக்கு இப்பால், இரு பக்கமும் பற்றைக் காடு நிற்கும் நேர் வீதி அது. இடப்பக்கக் கண்ணாடி பாலத்துக் கட்டில் மோதிச் சிதறிய சத்தத்தில்தான் விழித்தார். அந்த ஓட்டோ எங்கே திரும்பியது, எப்போது திரும்பியது என்று அவருக்கு இன்றும் தெரியாது. அதற்குள் வெள்ளைச் சட்டை போட்ட பள்ளிக்கூடப் பிள்ளைகள் இருந்ததை மட்டும் கண்டிருந்தார்.

அன்றிலிருந்து, கண் கனத்தால் லொறியை ஓரங்கட்டிப் படுப்பது என்று முடிவெடுத்தார். ஆனால் லொறியில் ஜீபிஎஸ் பூட்டியிருந்தது. வண்டி நின்றால் ஹாஜியாரின் போன் காட்டிக்கொடுத்துவிடும். உடனே அழைப்பார்.

"ஏன்டா நிக்கிற?"

"நித்திரை வருது ஹாஜியார். கொஞ்சம் படுத்திட்டு..."

"படுக்கிறத்துக்கா உனக்கு லொறி தந்த? படுக்கிறண்டா வீட்ட போய்ப் படு. ஓட்ட ஆளா இல்ல?"

வீட்டுக்குப் போ என்றால் வேலை போய்விட்டது என்று அர்த்தம். இரண்டு தரம் இப்படி ஏச்சு வாங்கினார். மூன்றாம் தரம் அழைப்பு வந்தபோது அவர் உண்மையாகவே ஓட்டமாவடிப் பள்ளிவாசலில் தொழுதுவிட்டு வந்துகொண்டிருந்தார். அதைச் சொன்னதும் ஹாஜியாரின் குரல் குழைந்துவிட்டது.

"மாஷா அல்லாஹ்! தொழு மனே, தொழு. நமக்கும் துஆக் கேளு."

அதற்குப் பிறகு நித்திரை வந்த இடமெல்லாம் மாமா தொழுதார். ஒருநாள் பத்து மணிக்குக் காட்டு வழியில் படுத்திருக்கையில் போன் அடித்தது.

"இதென்ன நேரத்துத் தொழுகடா?"

"ளுஹா, ஹாஜியார்." முற்பகலில் விருப்பமானவர்கள் தொழுவது அது. கடமையில்லை. கண்ணைத் திறக்காமலே அந்தப் பதில் வந்துவிட்டதாம்.

ஹாஜியார் உருகிப்போனார். "என்ட டிரைவர் காட்டுக்குள்ள நிண்டும் ளுஹா தொழுறவன்" என்று பள்ளிவாசலில் கண்டவர்களிடமெல்லாம் சொன்னார். செய்தி சாய்ந்தமருது வரை வந்தது. மகளுக்கு மாப்பிள்ளை அமைய, வயிற்று வலி தீர, மிஹ்லாரிடம் துஆக் கேட்கச் சொல்லி அவர் மனைவி ஹப்ஸா மாமியிடம் பெண்கள் வரத் தொடங்கினார்கள். மாமிக்குப் பெருமை பிடிபடவில்லை. மாமாவுக்குச் சோறு இறங்கவில்லை. பொய்யைப் பாதியாவது குறைப்போம் என்று, படுக்கும் முன் இரண்டு ரக்அத் தொழ ஆரம்பித்தார். நித்திரைக்குக் கிடைத்த கொஞ்ச நேரத்திலும் பாதி போனது.

இப்படியிருக்க, கொழும்பில் ஒரு கண் டொக்டரைக் காண வேண்டும் என்று ஹாஜியாரே ஒருநாள் லொறியில் ஏறிவிட்டார். அன்று மாமா வழியில் ஓரிடத்திலும் நிறுத்தவில்லை. தொடையைக் கிள்ளிக் கிள்ளித்தான் ஹபரணை வரை ஓட்டினார். அங்கே ஹாஜியார் வாங்கிக் கொடுத்த சோற்றையும் இறைச்சிக் கறியையும் தின்ற பிறகு, வீதியின் நடுக்கோடு இரண்டாகத் தெரிந்தது. தம்புள்ளையைத் தாண்டி, வீதியோரத்தில் ஒரு சின்னப் பள்ளியைக் கண்டதும் நிறுத்தினார். பிரயாணிகளாகையால் நண்பகல் ளுஹரையும் பிற்பகல் அசரையும் சுருக்கிச் சேர்த்துத் தொழலாம்.

"நீ முன்னுக்கு நில்லு. நான் உனக்குப் பின்னால தொழுறன்" என்றார் ஹாஜியார்.

"நானா? நீங்க நில்லுங்க ஹாஜியார்."

"நில்லுடா. உன்னப் போல ஆளுக்குப் பின்னால தொழக் கிடைக்கணுமே."

ளுஹர் முடிந்தது. அசரின் கடைசி சுஜூதில் மாமா நெற்றியைப் பாயில் வைத்தார். பாய் குளிர்ந்து கிடந்தது. அவ்வளவுதான் அவருக்கு நினைவு. மீதியெல்லாம் ஹாஜியார் பிறகு ஏசும்போது சொன்னவை.

முன்னால் தொழுவிப்பவர் எழாமல் பின்னால் நிற்பவர் எழ முடியாது. நீண்ட சுஜூது, பயபக்தி என்று முதலில் ஹாஜியாரின் கண் கலங்கியதாம். பிறகு முழங்கால் வலித்ததாம். தொழுவிப்பவர் ஏதோ மறந்துவிட்டார் என்று உணர்த்த, "சுப்ஹானல்லாஹ்" என்றாராம். பதிலில்லை. உரத்துச் சொன்னாராம். பதிலாக வந்தது குறட்டை.

மாமா விழித்தபோது பக்கவாட்டில் சரிந்து கிடந்தார். தலைமாட்டில் ஹாஜியார் நின்றார்.

"இதுதானா உன்ட ளுஹா?"

பொய் சொல்ல மாமாவிடம் தெம்பில்லை. பாலத்தில் கண்ணாடி உடைந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னார். கண்ணாடியைச் சந்தையில் யாரோ இடித்துவிட்டதாகத்தான் அதுவரை ஹாஜியார் நம்பியிருந்தார்.

"அல்லாஹ்ட பேரச் சொல்லி என்னை ஏமாத்தியிருக்காய்."

"ஓம். நித்திரை எண்டா ஓட்டச் சொல்றீங்க. தொழுகை எண்டா நிக்கச் சொல்றீங்க. நான் மறுகா என்ன செய்ய? அந்த ஓட்டோவுக்குள்ள புள்ளைகள் இருந்திச்சி ஹாஜியார்."

ஹாஜியார் வுழூ செய்யும் இடத்துக்குப் போய், முகத்தைக் கழுவிக்கொண்டு நெடுநேரம் நின்றார். வேலை போயிற்று என்றே மாமா நினைத்தார். லொறிச் சாவியை எடுத்துப் பாயின் ஓரத்தில் வைத்தார்.

"சாவிய ஏன் அங்க வைக்கிற?" என்றார் திரும்பி வந்த ஹாஜியார். "நான் ஓட்டுறதா? எனக்குக் கண்ணும் தெரியா. போய்ப் படு. படுத்தெழும்பி அசரத் திருப்பித் தொழு. இனிமேப்பட்டு நித்திரை வந்தா நித்திரை எண்டே சொல்லு."

"சொன்னா ஏசுவீங்களே."

"ஏசுவன். நீ படு."

அவர் சொன்ன சொல் தவறவில்லை. இப்போதும் லொறி நின்றால் அழைக்கிறார், ஏசுகிறார், அரிசி பிந்தினால் வியாபாரி விலையைக் குறைப்பான் என்று கத்துகிறார். மாமா "நித்திரை வருது ஹாஜியார்" என்று மட்டும் சொல்லிவிட்டு, போனைச் சீட்டில் வைத்துவிடுவாராம். ஏச்சு முடியும் முன்பே பல நாள் உறங்கிப் போயிருக்கிறார்.