நாரை விரட்டியவர்

ஒரகடத்தில் எங்கள் தொழிற்சாலைக்குப் பின்னால், தூர்த்த ஏரியில் மிஞ்சிய குட்டையில் நாரைகள் இறங்கும். கூரையெல்லாம் எச்சமிடுகின்றன என்று, வெடி போட்டு அவற்றை விரட்ட ஒருவரை வைத்திருந்தார்கள். ஒல்லியானவர், நரைத்த மீசை. வெடியைக் கொளுத்துமுன் ஒருமுறை கைதட்டுவார். பாதி நாரைகள் அதிலேயே எழும்பிவிடும்.

“பாவமா இல்லியாண்ணே?” என்று கேட்டேன்.

“அதுங்க வேற ஏரிக்குப் பூடும். நான் எங்க போறது?” என்றார்.

பிறகு குட்டைக்கு மேல் வலை கட்டினார்கள். அதில் ஒரு நாரை சிக்கித் துடித்தது. சூப்பர்வைசர் தடுத்தும் கேளாமல், அவர் வலையை அறுத்து அதைப் பறக்கவிட்டார்.

அன்றே வேலையிலிருந்து நிறுத்தினார்கள். கேட்டில் அவருடைய பையைச் சோதித்து, சாப்பாட்டு டப்பாவையும் திறக்கச் சொன்னார்கள். திறந்து காட்டிவிட்டுப் போனார். மறுநாள் வலையைத் தைத்துவிட்டார்கள்.

அவர் ஏன் அறுத்தார் என்பது எனக்கு இன்றும் விளங்கவில்லை.