பந்து எங்க இருந்தது?

ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே அவர் எழுந்து நின்றுவிடுவார். சட்டைப் பையிலிருந்து ஒரு பெப்பர்மின்ட்டை எடுத்துக் கன்னத்தில் ஒதுக்கிக்கொள்வார், அது தொண்டைக்கு. பிறகு இரண்டு கைகளையும் வாயருகே குவித்து, மைதானத்தின் நடுவில் நாணயம் சுண்டிக்கொண்டிருக்கும் நடுவரை நோக்கி அன்றைய முதல் கேள்வியை வீசுவார்.

"ஐயா! நேத்து நல்லாத் தூங்குனீங்களா? கண்ணு செவந்து கெடக்கே!"

அவ்வளவு தூரத்திலிருந்து நடுவரின் கண் தெரியாது. மூக்கு இருக்கிறதா என்பதே ஊகம்தான். இருந்தாலும் எங்கள் வரிசை முழுக்கச் சிரிக்கும். அவருடைய மனைவி மட்டும் சிரிக்க மாட்டார். மடியில் குடையைக் குறுக்காக வைத்துக்கொண்டு, "உக்காருங்க. இன்னும் பந்தே உருளல," என்பார்.

ஆஸ்பத்திரியின் எலும்பு முறிவுப் பிரிவில் மாவுக்கட்டுப் போடுவது அவர் வேலை. எல்லோரும் அவரை மாவுக்கட்டுக்காரர் என்றே அழைக்கிறார்கள். அவரும் அப்படித்தான் திரும்பிப் பார்க்கிறார். எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் நகக்கண்ணிலும் காது மடலிலும் கொஞ்சம் வெள்ளை ஒட்டிக்கொண்டிருக்கும். மனைவி அதே ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுப்பவர். நாளெல்லாம் அடுத்தவர் கத்துவதைக் கேட்டுப் பழகியவர் என்பதால், ஞாயிற்றுக்கிழமையும் கேட்பது அவருக்குப் பெரிய சிரமமில்லை.

"இவருக்கு ரெண்டு டீமும் வேண்டாங்க. ரெஃப்ரீ ஒருத்தர் மட்டும் வந்து நின்னாப் போதும். டிக்கெட் வாங்கிட்டு வந்து உக்காந்துக்குவாரு," என்று ஒரு முறை என்னிடம் சொன்னார்.

அதில் உண்மை இருக்கிறது. மாவுக்கட்டுக்காரர் பந்தைப் பார்ப்பதே இல்லை. கால்களைத்தான் பார்ப்பார். முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு மேலே. நீலச் சட்டைக்காரர்கள் கோல் போட்டு மைதானமே குதிக்கும்போது, பந்து எப்போதோ விட்டுப் போன ஒரு மூலையைக் காட்டி, "அந்தப் பையன் ஏன் நொண்டுறான்?" என்று கேட்டுக்கொண்டிருப்பார். பிறகுதான் சத்தம் காதில் விழும். "யாரு அடிச்சது? நம்மாளா?" என்பார். பல வருடங்களாக அந்த அணியின் தீவிர ரசிகராக இருந்தும், கோல் விழுவதை அவர் கண்ணால் பார்த்தது அபூர்வம்.

ஆஃப்சைடு பற்றிக் கேட்டால், "அது வேற டிபார்ட்மென்ட்டுங்க," என்று நழுவிவிடுவார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பச்சைச் சட்டைக்காரர் யாராவது சறுக்கி வந்து காலை வாரினால், "ஐயா, ரெட் கார்டு! அது காலா, கடப்பாறையா?" என்று அலறுவார். அதையே நீலச் சட்டைக்காரர் செய்தால் குரல் குழைந்துவிடும். "பாவம், வழுக்கிட்டான். புல்லு ஈரம்." மாதக்கணக்கில் மழை பெய்யாத கோடையிலும் எங்கள் மைதானத்துப் புல் நீலச் சட்டைக்காரர்களின் காலடியில் மட்டும் ஈரமாகவே இருக்கும்.

அவருடைய அறைக்குப் போனவர்களுக்குத் தெரியும், அங்கே இன்னொரு நீதிமன்றம் நடப்பது. ஒரு வாளியில் வெதுவெதுப்பான நீர், பஞ்சுச் சுருள்கள், மாவுத்துணிச் சுருள்கள், சுவரில் எக்ஸ்ரே படம் பார்க்கும் வெள்ளை விளக்குப் பெட்டி. கட்டைப் பிரிக்கும் சின்ன ரம்பத்தின் இரைச்சலில் பெரியவர்களே வெளிறிப் போவார்கள். அதைத் தன் உள்ளங்கையிலேயே ஓட விட்டுக் காட்டி, "பாத்தீங்களா, தோலைத் தொடாது. கட்டு மேலதான் அதுக்குக் கோவம்," என்பார். பந்தாடிக் கை காலை ஒடித்துக்கொண்டு வருபவர்களிடம் மருத்துவர், எங்கே வலிக்கிறது என்று கேட்பார். இவர் கேட்பது வேறு.

"யாரு இடிச்சது? அப்போ பந்து எங்க இருந்தது?"

பந்து அருகில் இருந்திருந்தால் இடித்தவன் தப்பித்தான். தள்ளி இருந்திருந்தால், அந்த முகம் தெரியாத மனிதனுக்குக் கட்டு காய்வதற்குள் தண்டனை அறிவிக்கப்பட்டுவிடும். அவன் அப்போது வீட்டில் நிம்மதியாகச் சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

இவ்வளவு வாய் பேசுபவர், தொலைக்காட்சியில் அப்படியொரு சம்பவத்தை மெதுவாக ஓட்டிக் காட்டும்போது கண்ணை மூடிக்கொள்வார். கால் மடங்கும் அந்த நொடி வரும்போது இமைகள் இறுகிவிடும். "முடிஞ்சுதா?" என்று மனைவியைக் கேட்பார். "முடிஞ்சுது, தொறங்க," என்று அவர் சொன்ன பிறகுதான் திறப்பார். தினமும் உடைந்ததைத் தொட்டுப் பார்ப்பவருக்கு, உடைவதைப் பார்க்க முடிவதில்லை.

ஒரு ஆட்டப் பருவத்தில் நடந்ததை மைதானத்தில் இன்றும் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். நான் அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் என்பதால் பார்த்ததைச் சொல்கிறேன்.

உண்மையாகவே மழை பெய்து புல் ஈரமாக இருந்த மாலை. நீலச் சட்டை அணியில் டயர் கடையில் வேலை செய்யும் இளைஞன் ஒருவன். எப்படித் தள்ளினாலும் எழுந்துவிடுவான் என்பதால் அவனுக்கு ரப்பர் என்று பெயர். அவன் இடது ஓரமாக, எங்கள் மூக்குக்கு நேராக ஓடி வந்தான். எதிரே பச்சைச் சட்டையின் தடுப்பாட்டக்காரர்; அவருக்குப் பட்டப்பெயர் கதவு. வங்கியில் காசாளராகக் குனிந்த தலை நிமிராமல் வேலை பார்ப்பவர், ஞாயிறன்று மட்டும் கதவாக மாறுவார். ரப்பர் பந்தைத் தட்டிவிட்டான். பந்து போய்விட்டது. அதற்குப் பிறகுதான் கதவு வந்தார், இரண்டு கால்களும் முன்னால் நீட்டியபடி, காலணியின் அடிக்குமிழ்கள் தெரிய.

விறகு முறிவது போல ஒரு சத்தம்.

நடுவர் மறுபக்கத்தில் இருந்தார். இரண்டு கைகளையும் முன்னால் வீசி, ஆட்டம் தொடரட்டும் என்று சைகை காட்டிவிட்டு ஓடினார். பந்து அந்தக் கோடிக்குப் போயிருந்தது. பாதிக் கூட்டம் பந்தைப் பார்த்தது, பாதிக் கூட்டம் நடுவரை வைதது. மாவுக்கட்டுக்காரர் கத்தவில்லை. அவர் பக்கத்திலிருந்து சத்தமே வராததால்தான் நான் திரும்பினேன். அவர் அங்கே இல்லை. அந்தப் பெரிய உடம்போடு கம்பி வேலி மேல் தொங்கிக்கொண்டிருந்தார். கால்சட்டை கம்பியில் மாட்டிக் கிழிந்தது. அதை அப்படியே விட்டுவிட்டு உள்ளே குதித்தார்.

"அசையாத, கண்ணு. அசையாத. அண்ணன் பாத்துக்கறேன்," என்று ரப்பரின் தோளை அழுத்திப் பிடித்தார். பிறகு தலையைத் திருப்பினார். கேட்பதற்குள் மனைவி குடையை வேலிக்கு மேல் வீசியிருந்தார். முறிந்த காலுக்கு ஒரு பக்கம் குடை. மறுபக்கத்துக்கு மூலைக் கொடிக்கம்பைப் பிடுங்கினார். கட்டுவதற்குக் கதவின் காலுறைகளையே கழற்றச் சொன்னார். கதவு கழற்றிக் கொடுத்தார். வெறுங்காலோடு அங்கேயே நின்றார்.

அப்போதுதான் நடுவர் ஓடி வந்தார்.

"யாருங்க உங்கள உள்ள விட்டது? வெளிய போங்க! ஆட்டம் நடக்குது!"

"ஆட்டம் நடக்கும்யா. இவன் நடக்க மாட்டான்."

நடுவர் வாசலை நோக்கி விரலை நீட்டினார். மாவுக்கட்டுக்காரர் கடைசி முடிச்சைப் போட்டு முடித்து, ரப்பரைத் தூக்கிய நால்வரோடு அந்த வாசல் வழியாகவே போனார். கதவுக்கு ஒன்றுமில்லை. மஞ்சள் அட்டைகூட இல்லை. கொடிக்கம்பைப் பிடுங்கியதற்கும் ஆட்டத்துக்கு இடையூறு செய்ததற்கும் மாவுக்கட்டுக்காரர் அந்தப் பருவம் முழுவதும் மைதானத்துக்குள் வரக் கூடாது என்று கால்பந்துச் சங்கம் சொல்லிவிட்டது.

அதன் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் வீட்டில் பட்ட பாட்டை, அல்லது படுத்திய பாட்டை, மனைவி தொலைபேசியில் சொல்வார். "டிவிக்குக் குறுக்கப் போனதுக்கு எனக்கு மஞ்சள் கார்டு. டம்ளரை டொக்குனு வெச்சதுக்கு இன்னொண்ணு. ரெண்டு மஞ்சள் ஆயிடுச்சு, நான் எங்க அக்கா வீட்டுக்குக் கெளம்புறேன்." சிரிப்போடுதான் சொன்னார். ஆனால் இன்னொரு முறை குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அந்தப் பையன் காலை நெனச்சுட்டே இருக்காருங்க. எலும்பு சேர்ந்துடும், பழைய ஓட்டம் வருமான்னு தெரியலைன்னு டாக்டர் சொன்னாராம். வெளிய காட்டிக்க மாட்டேங்குறாரு."

ரப்பர் பரிசோதனைக்கு வரும்போதெல்லாம், "அண்ணே, எப்போ ஓடலாம்?" என்பான். "மொதல்ல பாத்ரூம் வரைக்கும் ஓடிக் காட்டு," என்று இவர் அதட்டுவார். அவன் போன பிறகு வாளித் தண்ணீரை வெகுநேரம் கலக்கிக்கொண்டிருப்பாராம்.

நடுவர் யார் என்று சொல்லவில்லையே. அவர் என் மாடி வீட்டுக்காரர். பள்ளியில் பூகோளம் நடத்துபவர், மனைவியை இழந்தவர், மகள் வேறு ஊரில். ஒரு சனிக்கிழமைக் காலையில் மேலே தொம் என்று ஏதோ விழுந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால், கழற்றிய திரைச்சீலையைப் போர்த்தியபடி அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் நாற்காலி கவிழ்ந்து கிடந்தது. வலது மணிக்கட்டு வீங்கிக்கொண்டிருந்தது.

காரில் ஏற்றினேன். பாதி வழியில், "அங்க அவருதான இருப்பாரு?" என்றார்.

"எவரு?"

"தெரியாத மாதிரி கேக்காதீங்க. வேற ஆஸ்பத்திரியே இல்லையா இந்த ஊர்ல?"

மருத்துவர் படத்தைப் பார்த்துவிட்டு, விரிசல்தான், இடம் மாறவில்லை, கட்டுப் போட்டால் போதும் என்று கடைசி அறைக்கு அனுப்பினார். மாவுக்கட்டுக்காரர் பஞ்சு பிரித்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து பார்த்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "வாங்க, உக்காருங்க," என்றார். படத்தை விளக்குப் பெட்டியில் செருகினார். நானும் நடுவரும் காத்திருந்தோம்.

"யாரு இடிச்சது?"

"யாரும் இல்லைங்க. நாற்காலி வழுக்கிடுச்சு."

"நாற்காலிக்கு என்ன குடுத்தீங்க? மஞ்சளா, இல்ல ஆட்டம் தொடரட்டும்னு விட்டுட்டீங்களா?"

நடுவர் கையை நீட்டினார். காதுகள் மட்டும் சிவந்தன. மாவுக்கட்டுக்காரர் முழங்கைக்குக் கீழே பஞ்சு சுற்றத் தொடங்கினார். பேச்சில் இருந்த முள் விரல்களில் இல்லை; வீங்கிய இடத்தை நெருங்கும்போது மூச்சை அடக்கிக்கொண்டார்.

பஞ்சு மணிக்கட்டைத் தாண்டும்போது நடுவர் தானாகப் பேசினார். "எனக்கு முன்னாடி ரெண்டு பேர் நின்னாங்க. நான் பாக்கல. சத்தம் மட்டும் கேட்டுச்சு. பாக்காததுக்கு எப்படிங்க கார்டு காட்டறது?"

"கார்டு காட்டாட்டிப் போகுது. சத்தம் கேட்டுச்சுல்ல? ஆட்டத்தை நிறுத்தியிருக்கலாம்ல? தப்பு யாரு மேலங்கறதை அப்புறமா பேசிக்கக் கூடாதா?"

மாவுத்துணி தண்ணீருக்குள் குமிழி விட்டது. அவர் அதை எடுத்துப் பிழிந்தார்.

"நிறுத்தியிருக்கணும்," என்றார் நடுவர். "தெரியுது. அந்தப் பையனைப் பாக்க வந்தேன். இங்க, வார்டு வாசல் வரைக்கும். உள்ள நீங்க அவன் பக்கத்துல உக்காந்திருந்தீங்க. திரும்பிப் போயிட்டேன்."

மாவுக்கட்டுக்காரரின் கை நின்றது. "ஏன்? நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?"

"ஞாயித்துக்கிழமை நீங்க கத்துறதைக் கேட்டா அப்படித்தாங்க தோணுது." பிறகு, வலது கை அவரிடம் சிக்கியிருந்தும், நடுவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அதுசரி, உங்காளு இடிச்சா மட்டும் எப்பவும் புல்லு ஈரமா இருக்கே, அது எப்படி?"

நான் வாளியைப் பார்த்துக்கொண்டேன். மாவுக்கட்டுக்காரரின் வயிறு முதலில் குலுங்கியது. சிரிப்புச் சத்தம் பிறகுதான் வந்தது. வெளியே வரிசையில் இருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். கண்ணைத் தோளில் துடைத்துக்கொண்டு, "பையன் வெளியதான் இருக்கான். இன்னிக்குத்தான் அவனுக்குக் கட்டு மாத்துற நாள். உங்க கட்டு காஞ்சதும் போய்ப் பாருங்க. அவனுக்கு உங்க மேல கோவம் இல்ல. எனக்குத்தான் இருந்துச்சு," என்றார்.

கடைசிச் சுருளும் முடிந்தது. உள்ளங்கையில் விளிம்பைத் தடவிச் சரிசெய்துகொண்டிருந்தவர், திடீரென்று நிறுத்தினார்.

"கார்டு எந்தக் கைல எடுப்பீங்க?"

"இதே கைதாங்க."

மாவு இன்னும் இறுகவில்லை. அவர் கத்தியை நீரில் நனைத்து, கட்டைவிரல் மடங்குவதற்காக அதன் அடியில் பிறை வடிவில் கட்டை வெட்டியெடுத்தார். மேசையிலிருந்த காலி மருந்து அட்டைப் பெட்டியைத் தட்டையாக மடக்கி நடுவரின் விரல்களுக்கு நடுவே வைத்தார்.

"தூக்குங்க, பாப்போம்."

நடுவர் தோளிலிருந்து கையைத் தூக்கினார். அட்டை விரல்களுக்கிடையில் கொஞ்சம் சாய்ந்தது. மாவுக்கட்டுக்காரர் இரண்டடி பின்வாங்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தார். திருப்தியில்லை. அந்தக் கையைத் தன் மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, கத்தியை மறுபடியும் நனைத்தார்.