கல்யாணக் காரில் பதினோரு குழிகள்

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. பால் பாக்கெட் எடுக்க வாசல் விளக்கைப் போட்டதும் முதலில் கண்ணில் பட்டது பூனை. வழக்கமாக அது எங்கள் காருக்கு அடியில் தூங்கும். அன்று காருக்கு எதிரே உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தது. உள்ளே போக இடமில்லை. காரின் பின்பாதி தரையோடு படிந்து, பின்சக்கரங்களின் மேல்பாகம் உடலுக்குள் மறைந்திருந்தது. முன்பாதி நிமிர்ந்தே இருந்தது. நாய் உட்காரும் விதத்தில் கார் உட்கார்ந்திருந்தது.

அந்த மாதத்தில் அது மூன்றாவது முறை. முதல் இரண்டு முறையும் இன்ஜினை ஓடவிட்டதும் எங்கோ ஒரு பம்பு முனகி, நாலைந்து நிமிடத்தில் பின்பக்கம் மெல்ல எழுந்துவிட்டது. அன்று பம்பு ஒரு நிமிடம் முனகி நின்றது. பூனை எழுந்து போய்விட்டது.

இந்தக் காரில் பின்பக்கம் ஸ்பிரிங் கிடையாது. அந்த இடத்தில் இரண்டு ரப்பர் பைகள். அவற்றில் பம்பு காற்றடைக்கும். கார் அந்தக் காற்றின் மேல் மிதந்து போகும். ஏர் சஸ்பென்ஷன் என்பார்கள். வசதி படைத்தவர்களுக்காகச் செய்த வண்டி. நாங்கள் அதன் மூன்றாவது சொந்தக்காரர்கள்.

நாங்கள் வாங்கியது பகட்டுக்காக அல்ல. என் மனைவி குரோம்பேட்டையில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இடுப்புக்கு மேலே ஒரு டிஸ்க் நகர்ந்துவிட்டது. மேற்குத் தாம்பரத்திலிருந்து பஸ்ஸில் போய்ப் பார்த்தாள், ஷேர் ஆட்டோவில் போய்ப் பார்த்தாள், சக ஆசிரியையின் சின்னக் காரில் போய்ப் பார்த்தாள். எதில் போனாலும் திரும்பி வந்ததும் கூடத்துத் தரையில் ஒரு மணி நேரம் மல்லாந்து கிடக்க வேண்டியிருந்தது. இந்தக் காரில் போனால் மட்டும் அது தேவைப்படவில்லை. டாக்டர் சொன்னது ஒன்றுதான்: குலுங்கக் கூடாது.

ஓய்வு பெற இன்னும் ஒரு வருடம் எட்டு மாதம் இருந்தது. போய்வர முடியாவிட்டால் விருப்ப ஓய்வுதான். அந்தக் கடிதத்தை அவள் ஒரு மாலையில் எழுதி முடித்து என்னிடம் நீட்டினாள். முப்பது வருடம் பத்திரிகையில் பிறர் எழுதியதைத் திருத்தியவன் நான். இரண்டு காற்புள்ளிகளை நீக்கினேன். தேதி போடாமல் நாலாக மடித்து பைபிளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"கார் ஓடற வரைக்கும் நானும் ஓடறேன்," என்றாள்.

குரோம்பேட்டை மெக்கானிக் படித்தவர். இரண்டு பைகளையும் பம்பையும் மாற்ற வேண்டும், வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், ஒன்றரை மாதம் ஆகும் என்றார். மாற்றினால் எவ்வளவு நாள் உழைக்கும் என்று கேட்டேன்.

"காத்து சார். காத்துக்கு நான் என்ன கேரண்டி குடுக்கறது?"

பம்மல் மெக்கானிக் வீட்டுக்கே வந்தார். கன்னம் தரையில் படக் குப்புறப் படுத்து செல்போன் வெளிச்சத்தில் பார்த்தார்.

"இன்னா சார், இதுக்கா பேஜார் ஆவுற? பலூனைக் கய்ட்டிப் போட்டுட்டு ஸ்பிரிங் போட்டுக்கோ. திருமுடிவாக்கத்துல நம்ம ஆளு ஒருத்தன் கீறான். வண்டி வெயிட்ட சொன்னா சுத்திக் குடுத்துருவான். அப்பால நீயும் மறந்துடலாம், வண்டியும் மறந்துடும்."

"குலுங்குமா?"

"ரோடுன்னு ஒண்ணு கீதே சார். குலுங்கத்தான் செய்யும்."

மனைவியின் முதுகைப் பற்றிச் சொன்னேன். எழுந்து உட்கார்ந்தார். "முதுகு நம்ம லைன் இல்ல. மேடத்த ஸ்பிரிங் வண்டில ஒக்கார வெச்சுப் பாரு."

அவளும் அதையே சொல்லிவிட்டாள். "நீங்க ரெண்டு பேரும் சொல்றது வெறும் ஸ்டெப்ஸ். எனக்கு ஆன்சர் வேணும். ஒக்காந்து பாக்காம முடிவு கிடையாது."

இதே மாடலில் பம்மல் மெக்கானிக் ஸ்பிரிங்குக்கு மாற்றிய கார் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. கல்யாணங்களுக்கு வாடகைக்குப் போகும் கார். ஞாயிற்றுக்கிழமை காலை முகூர்த்தத்துக்கும் மாலை ரிசப்ஷனுக்கும் நடுவே சும்மா நிற்கும், பதினொரு மணிக்கு அனுப்பச் சொல்கிறேன் என்றார். ஒரே நிபந்தனை, பூவில் கை வைக்கக் கூடாது.

சந்திக்கும் இடத்தைச் சொன்னவன் நான். ஞாயிறு ஆராதனை பத்தே முக்காலுக்கு முடியும் என்பதால் சர்ச் வாசல் என்று சொல்லிவிட்டேன். ஆராதனைக்குப் போகிறவர்கள் எப்படி உடுத்திக்கொண்டு போவார்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. அவள் அரக்கு நிறப் பட்டுப்புடவை. நான் முழுக்கை வெள்ளைச் சட்டை. பானெட்டில் ரோஜாச் சரமும் கதவுப் பிடிகளில் மல்லிகையும் பின்கண்ணாடியில் முன்பின் தெரியாத இருவரின் பெயர்களுமாகக் கார் வந்து நின்றபோது சபை முழுவதும் வாசலில் இருந்தது. போதகர் காரைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். "ஸ்தோத்திரம்," என்றார். நாங்கள் ஏறிக்கொண்டோம்.

டிரைவர் வெள்ளைச் சீருடையில் இருந்தார். வண்டி நடையின் வேகத்தில் நகர்ந்தது.

"தம்பி, கொஞ்சம் வேகமா போங்க."

"கல்யாண வண்டி இப்டித்தான் மேடம் போவும்."

"கல்யாணம் முடிஞ்சாச்சே."

"ரிசப்ஷன் கீதே மேடம். பூ உதிந்துச்சுன்னா ஓனரு என்னை வண்டிலேந்து எறக்கி வுட்ருவாரு."

"இந்த வேகத்துல போனா மாட்டு வண்டி கூடத்தான் குலுங்காது. நான் பிள்ளைங்களுக்கே ஈஸி பேப்பர் குடுக்கறதில்ல."

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"உதிர்ந்தா நானே பொறுக்கித் தரேன்," என்றாள் அவள்.

"நீங்களேவா?"

"நானேதான்."

ஜி.எஸ்.டி. சாலையில் குரோம்பேட்டை வரை சோதிக்க ஒன்றுமில்லை. அங்கிருந்து பம்மல் பக்கம் திரும்பி, குழாய்க்காகத் தோண்டி மூடியிருந்த பகுதிக்கு விடச் சொன்னாள். என்னிடம் பேனா கேட்டாள். பைபிளைத் திறந்து ஒரு தாளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். குழிக்குக் குழி மார்க்; ஒவ்வொன்றும் பத்துக்கு. என் வேலை குழி வருவதை முன்கூட்டிச் சொல்வது. நான் "வருது" என்பேன். அவள் கண்ணை மூடிக்கொள்வாள். வண்டி இறங்கி ஏறும். டிரைவர் "போச்சு" என்பார். அவள் கண்ணைத் திறந்து மார்க் போடுவாள்.

நாலாவது குழிக்குப் பிறகு ஒரு ஷேர் ஆட்டோ பக்கத்தில் வந்தது. உள்ளேயிருந்து ஒரு பெண் குனிந்து பார்த்தாள். "மாப்ள ஏன் முன்னாடியே உத்து உத்துப் பாக்கறாரு?" என்று பக்கத்தில் இருந்தவளைக் கேட்டாள். "பயம்டி," என்றாள் மற்றவள்.

சிக்னலில் பைக்கில் வந்த இளைஞன் ஹெல்மெட்டைக் கழற்றினான். அவளிடம் படித்தவன்.

"மிஸ்! கங்கிராட்ஸ் மிஸ்."

"எதுக்குப்பா?"

அவன் காரின் ரோஜாக்களைப் பார்த்தான். என்னைப் பார்த்தான்.

"ஸ்பிரிங் பாக்கறேன்," என்றாள் அவள்.

"சரி மிஸ்," என்று ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டான். பச்சை விழுந்தது.

ஏழாவது குழி ஆழம். நான் "வருது" என்று சொல்லும் முன்பே வந்துவிட்டது. அவள் ஒரு கையால் என் மணிக்கட்டைப் பிடித்தாள். விடக் கொஞ்ச நேரம் ஆனது. எட்டாவது குழிக்கு இன்னும் வேகமாகப் போகச் சொன்னாள்.

பதினோராவது குழி தாண்டியதும் நிறுத்தச் சொன்னாள். இறங்கிப் பார்த்தோம். பானெட்டில் சரம் நூல் தெரியக் கிடந்தது. ரோஜாக்களில் பாதிக்கு மேல் உதிர்ந்திருந்தன. வந்த வழியெங்கும் சிவப்பாகக் கிடந்தன. டிரைவர் இடுப்பில் கைவைத்து நின்றார். நான் குனியப் போனேன்.

"நீங்க நில்லுங்க," என்றாள். "இதுவும் கொஸ்டீன் பேப்பர்லதான் இருக்கு."

முந்தானையைச் செருகிக்கொண்டு ஒவ்வொன்றாகக் குனிந்து எடுத்தாள். எழும்போது இரண்டு முறை மட்டும் முழங்காலில் கையூன்றினாள். பின்னால் வந்த தண்ணீர் லாரி ஹாரன் அடிக்காமல் நின்றது. நான் எண்ணினேன்: இருபத்து மூன்று பூக்கள். டிரைவர் டேஷ்போர்டிலிருந்து செலோ டேப் எடுத்து ஒட்ட ஆரம்பித்தார். டேப் ஏற்கெனவே பாதி தீர்ந்திருந்தது.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு அம்மாள் வாசலில் நின்றார். இந்தத் தெரு முழுவதும் ஒரு காலத்தில் அவருடைய மாமனாரின் வயல்.

"இன்னா சார், அறுபதாங் கல்யாணம் பண்ணிக்கினு வர்றீங்க. எதிர்வூட்டுக்கு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"இல்லக்கா, இது ஸ்பிரிங்கு..."

"உங்க சர்ச்சுல இதெல்லாம் உண்டா? நல்லதுதான். எறங்காதீங்க, அங்கியே இருங்க."

ஆரத்தித் தட்டோடு வந்தார். எடுத்த ஆரத்தியை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? மூன்று சுற்றுச் சுற்றினார். குங்குமத்தில் விரலை வைத்தவர் ஒரு கணம் யோசித்து, சந்தனத்தை மட்டும் எடுத்து இருவர் நெற்றியிலும் வைத்தார். காரின் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

"பேரு வேற யாரோடதோ கீதே?"

"அது வண்டியோட வந்ததுக்கா," என்றாள் என் மனைவி.

அவர் அதை ஏற்றுக்கொண்டார்.

அன்று மத்தியானம் அவள் கூடத்துத் தரையில் படுக்கவில்லை. சாப்பிட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து ஒன்பதாம் வகுப்பு விடைத்தாள்களைத் திருத்தினாள். நான் உள்ளே போவதும் வெளியே வருவதுமாக இருந்தேன். ஐந்து மணிக்குப் பேனாவை மூடினாள்.

"ஸ்பிரிங் போடச் சொல்லிடுங்க."

வியாழக்கிழமை போட்டார்கள். கழற்றிய இரண்டு பைகளையும் சிமெண்ட் சாக்கில் கட்டிக் கொடுத்தார் பம்மல்காரர். கார் இப்போது பின்பக்கம் இரண்டு விரற்கடை உயரமாக நிற்கிறது. பூனை அடியில் தூங்குகிறது.

வண்டிக் காகிதங்களை ஒரு ஃபைலில் வைப்பது என் வழக்கம். மார்க் போட்ட தாளையும் கேட்டு வாங்கி அதில் சேர்த்தேன். நூற்றுப்பத்துக்கு எழுபத்து நாலு. ஏழாவது குழிக்கு முட்டை போட்டு, அடியில் இரண்டு கோடுகள் இழுத்திருக்கிறாள். தாளின் மறுபக்கத்தில் அவளுடைய விருப்ப ஓய்வுக் கடிதம் இருக்கிறது.