பீரோவில் இருந்த காது மிஷின்

மகளுக்கு மூன்று வயது. இரண்டு காதும் சரியாகக் கேட்காது. போன வருடம் அரசாங்கத்தில் காது மிஷின் கொடுத்தார்கள். தூங்கும்போதும் குளிக்கும்போதும் தவிர எப்போதும் போட்டிருக்க வேண்டும், வீட்டில் எல்லோரும் அவளிடம் பேச வேண்டும், அப்போதுதான் பேச்சு வரும் என்றார்கள்.

எல்லோரும் என்றால் நானும் வீட்டுக்காரரும்தான். அவருக்கு மறைமலை நகர் கம்பெனியில் நைட் ஷிப்ட். பகலில் அவர் பார்த்துக்கொள்வார். நான் தையல் கம்பெனிக்குப் போவேன். காலையில் மிஷினை மாட்டிவிட்டுக் கிளம்புவேன். சாயந்திரம் வந்தால் மாட்டியபடியே இருக்கும். பேச்சு மட்டும் வரவில்லை. யார் மேல் கோபப்படுவது?

போன மாதம் தாம்பரத்தில் பேச்சுப் பயிற்சிக்கு அவரையும் இழுத்துக்கொண்டு போனேன். பயிற்சி கொடுக்கும் மேடம் மிஷினைக் கம்ப்யூட்டரில் இணைத்துப் பார்த்தார். எவ்வளவு நேரம் போட்டிருந்தது என்று மிஷினிலேயே பதிவாகுமாம்.

"ஒரு நாளைக்கு மூணு மணி நேரம்தான் போட்டிருக்கா."

"கம்ப்யூட்டர் தப்பா காட்டுது மேடம்," என்றார் அவர்.

"அதுக்கு உங்க மேல என்ன சார் கோவம்?"

மூன்று மணி நேரம். அவள் தூங்கும் நேரம் போக நான் வீட்டில் இருக்கும் நேரம். அவரைப் பார்த்தேன்.

"வெளயாடச்சே எங்கனா வுட்டுட்டா இன்னொண்ணு யாரு குடுப்பா? இவ போனதும் கயட்டி பீரோல வச்சிடுவேன். வர்றதுக்குள்ள மாட்டிடுவேன்."

என் கம்மலும் அந்த பீரோவில்தான் இருக்கிறது. கல்யாணம் காட்சிக்கு எடுத்துப் போடுவேன்.

மேடம் அதட்டவில்லை. மிஷினை மகளுக்கு மாட்டிவிட்டு, வீட்டுக்காரரைப் பின்னால் நின்று கூப்பிடச் சொன்னார். அவர் இரண்டு தடவை கூப்பிட்டார். அவள் பொம்மையிலிருந்து தலையைத் தூக்கவில்லை. நான் கூப்பிட்டேன். திரும்பினாள்.

"உங்க குரல் அவளுக்குப் பழக்கமில்ல சார்."

ரயிலில் அவர் சொன்னார்: "இன்னும் சத்தமா கூப்ட்டிருக்கணும்."

"நான் சத்தமாவா கூப்ட்டேன்?"

ஊரப்பாக்கத்தில் இறங்கினோம்.

வீட்டுக்குள் நுழைந்ததும் பழக்கத்தில் அவர் கை அவள் காதுக்குப் போனது. பீரோ சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

"தொலைஞ்சா?"

"இன்னொண்ணுக்கு நான் போய் வரிசைல நிக்கிறேன். நீங்க பேசுங்க."

"இவகிட்ட இன்னாத்த பேசறது?"

பாயில் படுத்தார். அவள் அவர் மார்பில் ஏறிக் காதை வைத்துப் படுத்தாள். அழுந்தினால் மிஷின் விசில் மாதிரி கத்தும். கத்தியது. அவர் கழற்றவில்லை.

"தூக்கம் வருது பாப்பா. எந்திரி," என்றார்.

அதுவும் பேச்சுதான். ஒரு வருடம் வீணாய்ப் போயிற்று. நான் அரிசி களையப் போனேன்.