ஜன்னலுக்கு வெளியே வைத்த பூக்கள்

அண்ணி வேலூர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய அன்று காலை, பதினோரு பாட்டில் பூக்களைச் சாக்கடையில் கொட்டினேன். ரோஜாவும் ஜெர்பராவும் சம்பங்கியுமாக, ஒன்றுகூட வாடியிருக்கவில்லை. அண்ணி வரும்போது வீடு வெறிச்சென்று இருக்கக் கூடாது என்று முந்தின நாள்தான் அண்ணன் அவற்றைக் கொண்டுவந்து வைத்திருந்தார். காலையில் அவரே மருத்துவமனையிலிருந்து போன் செய்தார். "மருந்து ஏத்துனதுல ரத்தத்துல வெள்ள அணு ரொம்பக் கொறஞ்சிபோச்சாம். பூ வச்ச தண்ணியில கிருமி வளருமாம். நாங்க வர்றதுக்குள்ள ஜல்தி எடுத்துடு." பாட்டில்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, அவை இருந்த இடங்களை மருந்துத் தண்ணீரால் துடைத்தேன். அலமாரி மேல் ஈர வட்டங்கள் காய்ந்து மறையும்வரை நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணன் கல்யாண மேடை அலங்காரம் செய்பவர். எங்கள் ஆரணியில் முகூர்த்த நாளென்றால் பட்டுக்கடை வீதியும் மண்டபங்களும் ஒன்றுபோல நெரியும். மதியம் பந்தி முடிந்ததும் மேடையைப் பிரித்து, ஓசூரிலிருந்து பெட்டி பெட்டியாக வந்த பூக்களைக் குப்பையில் போட்டுவிடுவார்கள். திருமணமான புதிதில் அண்ணன் அதில் ஒரு கட்டு கொண்டுவந்து அண்ணியிடம் கொடுத்தார். அண்ணி முள்ளிப்பட்டு நெசவாளர் வீட்டுப் பெண். தொடுத்துத் தலையில் வைக்கும் பூவைத்தான் அதுவரை அறிந்தவர். காம்போடு வந்த பூவை என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் நிறைய வீணாக்கினார். பிறகு தானாகவே கற்றுக்கொண்டார். தலை தொங்கிய ரோஜாக்களைச் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றி, கழுத்துவரை தண்ணீர் உள்ள வாளியில் இரண்டு மணி நேரம் நிறுத்துவார். எடுக்கும்போது அவை நிமிர்ந்திருக்கும். தண்ணீருக்குள் முங்கும் இலைகளைக் கிள்ளிவிடுவார். புது பிளேடால் காம்பின் அடியைச் சாய்வாக நறுக்குவார். தினமும் விடிந்ததும் தண்ணீர் மாற்றுவார். வாழைப்பழச் சீப்பை அந்தப் பக்கமே வைக்கவிடமாட்டார். பழம் பக்கத்தில் இருந்தால் பூ சீக்கிரம் உதிர்ந்துவிடுமாம். "பூவுக்கு வாய் அடியிலதான் இருக்குது பாப்பா. அது அடைச்சிக்காம பாத்துகினா போதும்" என்பார் என்னிடம். மூன்று மணி நேர மேடைக்காக வெட்டிய பூ, அவர் கையில் பத்து நாள் இருக்கும்.

அன்று ஆட்டோவிலிருந்து இறங்கி முகக்கவசத்தோடு உள்ளே வந்தவர், ஒவ்வோர் அலமாரியாகப் பார்த்தார். கட்டிலில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டார்.

"எல்லாத்தையும் எங்க போட்ட?"

"சாக்கடையில கொட்டிட்டேன் அண்ணி. டாக்டர் சொன்னாங்களாம்."

"தண்ணிய கொட்டிட்டு பூவ பக்கத்துல யாருக்காச்சும் குடுத்திருக்கலாம் இல்ல?"

கோபமே இல்லாத குரல். எனக்கு அது தோன்றவே இல்லையே என்பது இன்றும் உறுத்துகிறது. அண்ணன் அதற்குப் பிறகு வேலை முடிந்து வந்தால் கொல்லையிலேயே குளித்துச் சட்டை மாற்றிக்கொண்டுதான் உள்ளே வருவார். அப்படியும் அண்ணி கண்டுபிடித்துவிடுவார். "இன்னிக்கு சம்பங்கி மேடையா?" என்று கேட்பார். அண்ணன் தலையை மட்டும் ஆட்டுவார்.

ஒரு வாரம் கழித்து, ஜன்னலுக்கு வெளியே ஒரே ஒரு பாட்டில் வைக்கலாமா என்று அண்ணி கேட்டார். மூடிய கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்றால் பரவாயில்லை என்று மருத்துவமனை நர்ஸ் போனில் சொன்னார். களம்பூர் பள்ளிக்குக் கிளம்புவதற்கு முன் தினமும் சந்தில் நின்று நான் தண்ணீர் மாற்றுவேன். அண்ணி கட்டிலில் சாய்ந்தபடி கண்ணாடி வழியாகப் பார்த்து, போனில் சொல்வார். "சாய்ச்சி வெட்டு. இன்னும் சாய்ச்சி. கீழ ஒரு இல முங்கிகினு இருக்குது பாரு." கைகள் தம்மையறியாமல் போர்வைமேல் நறுக்கிக் காட்டும். வெளிக்காற்றில் பூ மூன்று நாள்கூடத் தாங்கவில்லை. அண்ணி குறை சொன்னதில்லை. "வெயில்ல நிக்குது, அது இன்னா பண்ணும்?" என்பார்.

ஆடி பிறந்தது. கல்யாணம் இல்லை, மேடை இல்லை, பூவும் இல்லை. ஆரணிக் கடைகளில் உதிரிப் பூதான், காம்போடு கிடைக்காது. ஜன்னலில் காலிப் பாட்டில் நின்றது. எடுத்துவிடவா என்று கேட்டேன். "இருக்கட்டும்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணன் யாரிடமும் சொல்லாமல் வேலூர் போய், ஈரத்தாளில் சுற்றிய பத்து ரோஜா மொட்டுகளோடு பஸ்ஸில் திரும்பினார். அதற்குள் அண்ணிக்குக் காய்ச்சல் ஏறி மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது. கையில் இருந்ததைக் கொல்லை வாளியில் போட்டுவிட்டு, வந்த வழியே அண்ணியை அழைத்துக்கொண்டு வேலூருக்கு ஓடினார். மூன்றாம் நாள் ஆம்புலன்ஸில்தான் அண்ணி வந்தார். வீடு மாலைகளால் நிறைந்தது. அதுவரை மூடியிருந்த ஜன்னலை யாரோ திறந்துவிட்டார்கள். இப்போது எந்தப் பூவும் யாருக்கும் கெடுதல் இல்லை.

இரண்டு வருடம் ஆகிறது. அண்ணன் மறுபடி மேடை கட்டுகிறார். மிச்சப் பூக்களை மண்டபத்திலேயே விட்டுவிட்டு வருகிறார்.

ஆனால் அன்று அந்தப் பத்து மொட்டுகளை அவர் விடவில்லை. எல்லாம் முடிந்த மறுநாள் கொல்லைக்குப் போனவர், வாளியில் அவை விரிந்திருப்பதைக் கண்டார். உள்ளே எடுத்துவந்து, "எப்படி வெட்டணும், சொல்லு" என்று என்னிடம் கேட்டார். பத்து வருடம் பூ கொண்டுவந்தவர், ஒருநாளும் தண்ணீர் மாற்றியதில்லை. சொல்லிக்கொடுத்தேன். விடிந்ததும் தண்ணீர் மாற்றி அடியை நறுக்குவார். காம்பு குறையக் குறைய, பாட்டிலிலிருந்து டம்ளருக்கும் டம்ளரிலிருந்து சின்னக் கிண்ணத்துக்கும் மாற்றினார். ஒவ்வொன்றாக உதிர்ந்து, காரியத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒன்றே ஒன்று மிஞ்சியது. பிளேடோடு அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இதுக்கு மேல வெட்ட காம்பு இல்ல பாப்பா" என்றார்.