பெல்ட்டா, மோட்டாரா என்று பார்த்த மத்தியானம்

நூற்பாலையில் அவருக்குப் பட்டப்பெயர் காதுக்காரர். ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நிமிடம் நின்றால் போதும், எந்த பேரிங் இந்த வாரம் படுத்துவிடும், எது இன்னும் ஒரு மாதம் தாக்குப்பிடிக்கும் என்று சொல்லிவிடுவார். சொன்னது சொன்னபடி நடக்கும். மேனேஜரே அவருக்காகக் காத்துக் கிடந்த காலம் உண்டு. பிறகு அதிர்வை அளக்கும் ஒரு கருவி தீப்பெட்டி அளவில் வந்து ஒவ்வொரு பேரிங்கிலும் ஒட்டிக்கொண்டது. மனிதருக்குக் கைகுலுக்கி விடை கொடுத்துவிட்டார்கள்.

அதோடு வீட்டில் சும்மா கிடந்திருக்கலாம். ஆனால் இசைத்தட்டுப் பைத்தியம் முன்பே பிடித்திருந்தது. ஒரு ஆடியோ கடைக்காரர் அந்தக் காதின் பெருமையைக் கேள்விப்பட்டு, இசைத்தட்டை ஓடவிடும் உயர்ரக டர்ன்டேபிள்கள் புதிதாக வரும்போதெல்லாம் அவற்றை அவர் வீட்டுக்கு அனுப்பி அபிப்பிராயம் கேட்க ஆரம்பித்தார். அறுபத்து மூன்று வயதில், தன்னை ஒருவர் தேடி வருவதற்கு அது ஒன்றுதான் காரணம் என்று அவருக்கே தெரியும். அதனால்தான் பயம். கொஞ்ச நாளாக வாசல் மணி அடித்தால் மனைவிக்குத்தான் முதலில் கேட்கிறது. அவர் அதைப் பற்றி யாரிடமும் மூச்சுவிடவில்லை.

அந்த வாரம் இரண்டு வந்து இறங்கின. ஒன்றில் மோட்டார் ஒதுங்கி நின்று ரப்பர் பெல்ட்டால் தட்டைச் சுழற்றும். மற்றதில் மோட்டார் தட்டுக்கு அடியிலேயே இருக்கும். இரண்டுக்கும் ஒரே ரக ஊசி, ஒரே இசைத்தட்டின் இரண்டு பிரதிகள். இரண்டையும் ஒன்றாக ஓடவிட்டு ஆம்ப்ளிஃபையர் குமிழைத் திருப்பினால் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவிவிடலாம். கண் பார்த்தால் மனசு ஏமாற்றும் என்று அவர் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார். குமிழ் மனைவியின் பொறுப்பு.

"பெல்ட்டுல ஆரம்பி. அப்புறம் உனக்குத் தோணுறப்பல்லாம் திருப்பு. திருப்பின நேரத்தைத் தாள்ல குறிச்சுக்கோ. எங்கிட்ட மட்டும் சொல்லாத."

"சரிங்க."

இருபது நிமிடம் ஓடியது. அவர் பேனா ஓயவில்லை. 'இப்போது மாறியது. குரல் பக்கத்தில் வருகிறது.' 'மறுபடி பெல்ட். கீழ்ஸ்தாயி குழைகிறது.' இப்படிப் பதினொரு குறிப்புகள். பழைய நாட்கள் திரும்பிவிட்டதாகவே நினைத்தார் மனிதர். உற்சாகமாக எழுந்து வந்து அவள் தாளை வாங்கிப் பார்த்தார். ஒரு எழுத்தும் இல்லை.

"ஏன் எழுதல?"

"திருப்பினாத்தானே எழுதறதுக்கு."

"ஒரு தடவைகூடவா திருப்பல?"

"திருப்பணும்னுதான் இருந்தேன். பாட்டு நல்லா இருந்துச்சா, அப்படியே உக்காந்துட்டேன்." அவள் தன் விரல்களைப் பார்த்தபடி சொன்னாள். "இந்த வீட்ல ஒரு பாட்டை நான் முழுசாக் கேட்டதே இல்லைங்க. பாதியில ஊசியத் தூக்கிருவீங்க. இன்னிக்குத்தான் நீங்க அந்தப் பக்கம் திரும்பி இருந்தீங்க."

அவர் தன் குறிப்புகளை மறுபடி புரட்டினார். கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. கையிலிருந்த பதினொரு குறிப்புகளும் ஒரே பெல்ட்டைப் பற்றியவை. எதுவுமே மாறவில்லை, இவர்தான் மாற்றி மாற்றிக் கேட்டிருக்கிறார். எத்தனை வருடமாக இப்படியோ.

போன் அடித்தது. கடைக்காரர்.

"சார், எது நல்லா இருக்கு? கஸ்டமர் இங்கேயே உக்காந்திருக்காரு."

அவர் மனைவியைப் பார்த்தார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"அடியில மோட்டார் வெச்சதுதான்," என்றார். "குரல் பக்கத்துல வந்து உக்காருது."

"நீங்க சொன்னா சரிதான் சார்."

அந்த டர்ன்டேபிளிலிருந்து அவர் ஒரு சொல்கூடக் கேட்டதில்லை. போனை வைத்தார். இசைத்தட்டின் முதல் பாட்டில் ஊசியை வைத்துவிட்டு வந்து, அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"முழுசாக் கேப்போம்," என்றார்.

நல்ல மனதோடுதான் உட்கார்ந்தார். ஆனால் காது பெல்ட் இழுபடுகிறதா என்று பார்த்தது, ஊசி கரகரக்கிறதா என்று பார்த்தது. பாட்டு எங்கே போகிறதென்று பிடிபடவே இல்லை. எழுந்துவிடாமலிருக்க நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

பாட்டு முடிந்தது. அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதில் அழுவதற்கு என்ன இருந்தது என்று அவருக்குத் தெரியவில்லை.