சயனைடு மேட்டு மணலும் யசோதா டீச்சரும்

கோலார் தங்கவயலின் நந்திதுர்க் சுரங்கத்தில் இரவு ஷிப்ட் பார்த்த ராஜமாணிக்கத்துக்குப் பகலில்தான் தூக்கம். 1967 கோடை விடுமுறையில் ஒருநாள் அவன் மனைவி யசோதா ஜன்னலைக் கறுப்புத் துணியால் மூடினாள். அவள் பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். தன் தூக்கத்துக்காகத்தான் என்று அவன் பூரித்துப்போனான்.

"உங்களுக்கு இல்லிங்க. உடைஞ்சுபோன உங்க கூலிங் கிளாஸுக்கு."

அது போலராய்டு கண்ணாடி. அதைத் தாண்டி வரும் வெளிச்சம் ஒரே திசையில்தான் அதிரும். துணியில் ஓட்டை போட்டு ஒரு சில்லைப் பொருத்தினாள். உள்ளே வரும் வெயில் ஒரு பொருளில் பட்டுத் திரும்பும்போது அந்தத் திசையை எவ்வளவு விடாமல் வைத்திருக்கிறது என்று மற்றொரு சில்லைத் திருப்பிப் பார்க்க வேண்டும். அளப்பதற்கு ராபர்ட்சன்பேட்டை போட்டோ ஸ்டூடியோக்காரர் அப்பாதுரை தன் லைட் மீட்டரைக் கொடுத்திருந்தார்.

பித்தளைத் தட்டை வைத்தாள். சில்லைத் திருப்பியதும் மீட்டரின் முள் விழுந்தது; பித்தளை திசையை விடவில்லை. சயனைடு போட்டுத் தங்கம் பிரித்த கழிவைக் கொட்டிய சயனைடு மேட்டிலிருந்து அள்ளி வந்த வெளுத்த மணலை வைத்தாள். எப்படித் திருப்பியும் முள் அசையவே இல்லை.

"மீட்டரு கெட்டுப்போச்சா இன்னா?" என்றான் ராஜமாணிக்கம், தூக்கத்தை மறந்து.

"இல்லிங்க. மணலுக்குள்ள பூந்த வெளிச்சம் அங்கியும் இங்கியும் மோதி, வந்த திசையையே மறந்துடுது. நனைச்சா இந்த அலைச்சல் கொறையணும்."

தண்ணீர் தெளித்தாள். மணல் கறுத்தது. சில்லைத் திருப்பினாள். முள் மெல்ல இறங்கியது.

யசோதா போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுச் சரோஜம்மா துடைப்பத்தோடு ஓடி வந்தாள். "பாம்பா டீச்சர்?"

"மணல் சரோஜம்மா, மணல்!"

அந்த மாதமே பெங்களூரில் ஆசிரியர்களுக்கான அறிவியல் கண்காட்சி. மாரிகுப்பம் ஸ்டேஷனில் காவலர் மரியகுழந்தை, ரயிலேற வந்த இருவரின் மூட்டையைத் தட்டிப் பார்த்தார்.

"கோல்டா?"

"மணலுங்க."

"மணலை எவனாச்சும் ரயில்ல ஏத்துவானா?"

யசோதா இரண்டு சில்லுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்து அவர் கண்ணருகே பிடித்துத் திருப்பினாள். வெளிச்சம் அணைந்தது, மறுபடி வந்தது. மரியகுழந்தை தானே வாங்கித் திருப்பினார். ரயில் ஊதிய பிறகுதான் திருப்பிக் கொடுத்தார். மூட்டையையும் அவரே ஏற்றிவிட்டார்.

கண்காட்சியில் கூட்டம் நெருக்கியது. யசோதா சாப்பிடப் போன நேரத்தில் ராஜமாணிக்கமே ஒரு கல்லூரிப் பேராசிரியருக்கு விளக்கிக்கொண்டிருந்தான். அவள் திரும்பியதும் பேராசிரியர், "சனிக்கிழமைகளில் எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வாருங்கள். நல்ல கருவிகள் இருக்கின்றன" என்றார்.

"இந்தச் சனிக்கிழமையேவா சார்?" என்றாள் யசோதா.

அதற்கப்புறம் அவள் அளக்காத மண் கோலாரில் குறைவு. மூட்டை தூக்க ராஜமாணிக்கம் ஷிப்டை மாற்றிக்கொண்டான்.